விக்டோரியா திருமண்டலம் (ஹாங்காங்)

விக்டோரியா திருமண்டலம் என்பது சீன மக்களிடையே ஊழியம் செய்ய ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்டு 1849-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆங்கிலிக்கன் திருமண்டலம் ஆகும். 1842-இல் நாஞ்சிங் உடன்படிக்கையின்படி ஹாங்காங் தீவு பிரித்தானியர் வசமானது. அங்கு எழுந்த விக்டோரியா நகரின் பெயரே திருமண்டலத்திற்கும் வழங்கியது.

தோற்றமும் பிரிவும்

முதல் பேராயரான ஜார்ஜ் சுமித் முன்னரே சீனத் துறைமுக நகரங்களுக்குச் சென்று வந்தவர். சீன ஊழியர்களை உருவாக்கும் நோக்குடன் தூய பவுல் கல்லூரியை நடத்தினார். சீனா முழுவதும், ஜப்பானும் அவரது பொறுப்பில் இருந்தன. இவ்வளவு பரந்த நிலப்பரப்பை ஒருவரே கவனிப்பது இயலாத செயல். எனவே 1872 முதல் புதிய திருமண்டலங்கள் பிரிக்கப்பட்டன. 1912-இல் பிரித்தானிய, அமெரிக்க, கனடிய ஊழியப் பகுதிகள் இணைந்து 'சுங் ஹுவா ஷெங் குங் ஹுய்' என்னும் சீன ஆங்கிலிக்கன் திருச்சபையாயின.

போர்க்கால முடிவு

1941 திசம்பரில் ஹாங்காங் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. போர்ச்சுக்கீசியர் ஆண்ட மக்காவில் அகதிகள் குவிந்திருந்தனர்; திருவிருந்து வழங்கக் குருவானவர் எவரும் அங்குச் செல்ல இயலவில்லை. அச்சபையைக் கவனித்து வந்தவர் புளோரன்ஸ் லீ டிம் ஓய் என்னும் சீனப் பெண் உதவிகுரு. பேராயர் ரொனால்டு ஹால் அவரை 1944 சனவரி 25 அன்று குவாங்டாங் மாகாணத்தின் சாவோசிங் நகரில் குருவாக அருட்பொழிவு செய்தார். ஆங்கிலிக்கன் உலகின் முதல் பெண் குரு இவரே.

போர் முடிந்தபின் எதிர்ப்பு வலுத்தது. பேராயருக்கு நேர்ந்த நெருக்கடியைத் தவிர்க்க, 1946-இல் லீ தமது ஊழிய உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார், குருத்துவத்தைத் துறக்கவில்லை. சீனாவிலேயே தங்கிய அவர், ஆலயங்கள் மூடப்பட்ட காலத்தில் பண்ணையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்தார்.

பின்னாளில்

சீனாவில் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தால் 1951-இல் ஹாங்காங், சீனத் திருச்சபையிலிருந்து தனியே பிரிந்தது. 1971-இல் அதன் பேராயர் கில்பர்ட் பேக்கர், ஜேன் ஹுவாங், ஜாய்ஸ் பென்னட் ஆகிய இரு பெண்களைத் திருச்சபையின் முறையான ஒப்புதலுடன் குருக்களாக்கினார். 1998-இல் ஹாங்காங் மூன்று திருமண்டலங்கள் கொண்ட தனி மாகாணமாயிற்று. 1983-இல் கனடாவில் குடியேறிய லீ, மறு ஆண்டில் குருவாக மீண்டும் ஏற்கப்பட்டு, 1992-இல் தொராண்டோவில் காலமானார்.

இங்கிலாந்தின் அரச ஆணையால் தோன்றிய இத்திருமண்டலம் இன்று நினைக்கப்படுவது பெரும்பாலும் இச்சீனப் பெண்ணின் பெயராலேயே ஆகும்.