லயத்து வீடும் பள்ளிப்பாடமும்: ஊவாத் தோட்டங்களின் கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

பிள்ளை நாள்தோறும் குறித்த நேரத்திற் படிக்க அமர்தல் வேண்டும். அதற்கென இரைச்சலற்ற ஓரிடம் இருத்தல் வேண்டும். தாயோ தந்தையோ அருகிலிருந்து கவனித்தல் வேண்டும். ஆசிரியர் பயிற்சி நூல்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் வீட்டுப்பாடம் பற்றிக் கூறப்படும் அறிவுரைகளின் சாரம் இதுவேயாகும். இவ்வறிவுரையிற் குறைகாண்பதற்கில்லை. ஆயினும் வீட்டுப்பாடம் என்னும் தொடரில் வீடு முன்னிற்கின்றது. பாடம் பின்னரே வருகின்றது. ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பாடத்தைப் பற்றிச் சட்டம் இயற்றியோரும் அறிக்கை எழுதியோரும் பலர். வீட்டைப் பற்றிச் சிந்தித்தோர் மிகச் சிலரே. தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையில்லை என்ற குற்றச்சாட்டு தலைமுறை தலைமுறையாகக் கூறப்பட்டு வந்துள்ளது. அது எத்துணை பொருத்தமுடையது என்பதை வரலாற்றின் துணைகொண்டு நோக்குதல் தகும்.

பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா, 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாயிற்று. 1869இற் பரவத் தொடங்கிய இலைநோயினாற் கோப்பி அழிய, அதனிடத்தைத் தேயிலை கைப்பற்றிய காலம் அது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பகுதியிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை விலைக்கு வாங்கினார். 1924இற் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, ஆலிஎல, கொஸ்லந்தை எனப் பரந்த மலைச்சரிவுகளிலே திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாராற் கொண்டுவரப்பட்ட மக்கள் குடியேற்றப்பட்டனர். இவை பலரும் அறிந்த செய்திகளாதலின் இங்கு விரித்தல் வேண்டா.

தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றி அரசு முதன்முதலிற் சட்டப்படி கவனஞ் செலுத்தியது 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டத்தின் வாயிலாகவேயாகும். ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவதும் அதற்குத் தக்க ஓரறையை ஒதுக்கிப் பேணுவதும் தோட்ட அதிகாரியின் கடமை என அச்சட்டம் விதித்தது. 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பாடசாலைகளைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே வைத்தது. வேலை வாங்குபவரே கல்வியையும் வழங்குதல் வேண்டும் என்ற இவ்வேற்பாட்டின் விளைவை ஊகித்தல் கடினமன்று. ஓர் ஆசிரியர், ஒரு கொட்டில், ஐந்து வகுப்புகள் என்பதே பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் அமைப்பாக இருந்தது. ஒரு வகுப்புக்கு ஆசிரியர் பாடஞ் சொல்லும்போது ஏனைய வகுப்பினர் சிலேட்டில் எழுதிக்கொண்டிருப்பர். சிலேட்டில் எழுதியது அடுத்த பாடத்துக்காகத் துடைக்கப்படுவது. அது வீட்டுக்குப் போவதில்லை. பள்ளியிற் கற்றதைத் தாய் தந்தையர் கண்ணாற் காண்பதற்குரிய கொப்பியோ புத்தகமோ பல பிள்ளைகளிடம் இருக்கவில்லை. பத்து வயதில், அதாவது தானாகப் படிக்கும் பழக்கம் வேரூன்ற வேண்டிய பருவத்தில், பிள்ளை கொழுந்துக் கூடையையோ முள்ளையோ ஏந்தி அரைப்பேருக்கு மலையேறியது.

இனி வீட்டை நோக்குவோம். லயம் எனப்படுவது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்களின் தொகுதியாகும். பல தோட்டங்களில் இரு வரிசைகள் முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டப்பட்டன. அவற்றிலே பின்கதவுக்கும் பின்சாளரத்துக்கும் இடமில்லை. ஒரு காம்பராவின் அளவு ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்கு முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. அடுப்பு ஒருபுறம், விறகு ஒருபுறம், நோயுற்ற பாட்டனின் படுக்கை ஒருபுறம் என அமைந்த அவ்வெல்லைக்குள்ளே பெற்றோர், பிள்ளைகள், சிலவேளை மணமான மகன் என யாவரும் ஒடுங்கினர். ஒரு காம்பராவிற் பேசுவது அடுத்த காம்பராவிற் கேட்கும். இரைச்சலற்ற ஓரிடம் என்ற அறிவுரை இங்கு எம்மூலையிற் பொருந்தும்?

நேரமும் அவ்வாறே. விடியுமுன் தப்பொலி கேட்டதும் தாய் எழுந்து ரொட்டி சுட்டு, கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடுதல் வேண்டும். மாலையிற் கொழுந்து நிறுத்து முடிந்த பின்னர் பீலியில் தண்ணீர் எடுத்து, விறகு சேர்த்து, அடுப்பு மூட்டும்போது இருள் சூழ்ந்துவிடும். மூத்த பெண்பிள்ளை அதற்கு முன்பே தம்பி தங்கையரைப் பார்க்கத் தொடங்கியிருப்பாள். ஆண்பிள்ளைகளினும் பெண்பிள்ளைகள் முன்னதாகப் பள்ளியை விட்டு நின்றமைக்கான காரணங்களுள் இதுவும் ஒன்றாகும். மின்சாரம் தோட்டத்துரையின் பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் வந்து நெடுங்காலம் கழிந்த பின்னரே பல லயங்களுக்கு வந்தது. அதுவரை மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு ஒன்றே சமையலுக்கும் படிப்புக்கும் பொதுவாயிற்று. சோறு வடிக்கும்போது விளக்கு அடுப்படிக்குப் போகும். அப்போது புத்தகம் மூடப்படும். மண்ணெண்ணெய் காசு கொடுத்து வாங்குவதாதலால் உண்டு முடிந்ததும் விளக்கை அணைப்பதே சிக்கனம். இவ்வீடும் குடும்பத்துக்கு உரியதன்று. வேலை போயின் காம்பராவும் போகும்.

இந்நிலையிலும் எழுத்தின் அருமையை இம்மக்கள் உணராதிருந்தனர் எனக் கூறுதல் வரலாற்றுக்கு மாறானது. 1921இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறையின்கீழ், தொழிலாளியின் கடனைக் குறித்த ஒரு காகிதமே அவன் வேறு தோட்டத்துக்குச் செல்லலாமா என்பதைத் தீர்மானித்தது. தன்னைப் பிணித்த காகிதத்தைத் தானே படிக்க இயலாதவனுக்கு எழுத்தின் வலிமையைப் பிறர் வந்து போதிக்கத் தேவையில்லை. ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் படிக்கவும் பதில் எழுதவும் லயத்தில் ஒரு பிள்ளை வேண்டும். அல்லி அரசாணி மாலை போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்களை ஒருவர் இராகத்தோடு படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது தோட்டங்களில் வழக்கமாயிருந்தது. பிழையாக வாசிக்கும் பிள்ளையை, எழுத்தறியாத ஆயினும் கதையை மனப்பாடமாக அறிந்த பாட்டி திருத்துவதற்கு அங்கே இடமிருந்தது. கல்வியியலாளர் இதனை வீட்டுப்பாடம் என ஏற்பரோ அறியோம். ஆனால் உரத்துப் படித்தல், நாள்தோறும் படித்தல், பெரியோர் முன்னிலையிற் படித்தல் ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருந்தன.

இவற்றினும் குறிப்பிடத்தக்கது இராப்பள்ளிக்கூடம். பகலில் வேலைசெய்த சிறுவரும் இளைஞரும் இரவிலே ஓர் இஸ்தோப்பிலோ கோயில் மண்டபத்திலோ கூடி, எழுத்தறிந்த ஒருவரிடம் பாடங் கேட்டனர். நிருவாகத்தின் உதவியின்றித் தோட்டமக்கள் தாமே அமைத்துக்கொண்ட நிறுவனம் இது. தனித்தனிக் காம்பராக்களில் தனித்தனி விளக்கேற்ற இயலாதவர்கள் ஒரு விளக்கைப் பொதுவாக்கினர் என்பதே இதன் உட்பொருள். வீட்டுப்பாடத்தை ஒவ்வொரு குடும்பத்தின் தனிப்பட்ட பொறுப்பாகக் கருதும் பிற்கால நோக்குக்கு இது முற்றிலும் மாறானது. தோட்டச் சூழலுக்கு அதனினும் பொருத்தமானதும் ஆகும்.

இதற்கிடையில், வீட்டிலேயே ஆசிரியர் வாய்க்கப்பெற்ற பிள்ளைக்கு என்ன நிகழ்ந்தது என்பதையும் ஊவாவே காட்டுகின்றது. மலையகச் சிறுகதையின் முதன்மையாளருள் ஒருவரான தெளிவத்தை ஜோசப் 1934இற் பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர். அவருடைய தந்தை தோட்டப் பாடசாலை ஆசிரியர். மகன் தொடக்கக் கல்வியைப் பெற்றதும் அவரிடமே. பின்னர்க் கும்பகோணத்திலும் பதுளை சென்ற் பீட்ஸ் கல்லூரியிலும் அவர் பயின்றார். அதே மலைச்சரிவில் அதே ஆண்டிற் பிறந்த கொழுந்தெடுப்பவர் மகனுக்கும் இவருக்குமிடையே அறிவாற்றலில் வேறுபாடு இருந்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நூல் இருந்தது. நூலைத் திறந்து காட்ட ஒருவர் இருந்தார். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னும் ஒரு வழி இருந்தது. 2022இல் மறையும்வரை அவர் எழுதியவற்றுள் 'மீன்கள்' என்னும் சிறுகதை, ஒற்றைக் காம்பராவிற் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒடுங்க நேர்ந்த அவலத்தைப் பொருளாகக் கொண்டது. லயத்து வீட்டைப் பற்றி அறிக்கைகள் கூறத் தயங்கியதை அக்கதை கூறிற்று எனலாம்.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தோட்டப் பாடசாலைகளை அரச அமைப்புக்குள் கொண்டுவர வழிசெய்தபோதும், அடுத்த முப்பது ஆண்டுகளில் ஒரு சிலவே பொறுப்பேற்கப்பட்டன. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் இவை புறத்தே நின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் கதியை ஒத்திவைத்தது. அப்பங்கீட்டின் நிழலில் வளர்ந்த பிள்ளை எந்நாட்டுப் பரீட்சைக்காகப் படிப்பது? அடுத்த ஆண்டு கப்பலேறலாம் என எண்ணிய குடும்பம், பிள்ளையின் படிப்பிலே நீண்டகாலத் திட்டம் வகுக்காமை வியப்புக்குரியதன்று. 1973-74ஆம் ஆண்டுகளின் பஞ்சம் தோட்டங்களைத் தாக்கியபோதோ படிப்பைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லாது போயிற்று.

1975இற் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதலாகத் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாக ஏற்றது. 1986இல் தொடங்கிய சுவீடிய உதவித் திட்டம் பல பாடசாலைகளுக்குக் கட்டடங்களை வழங்கியது. தோட்டங்களிற் பிறந்த இளைஞரும் யுவதியரும் ஆசிரியர்களாக நியமனம் பெற்றனர். இம்மாற்றங்களுள் ஆழமானது இதுவே. லயத்திலிருந்து வந்த ஆசிரியைக்கு, 'ஏன் எழுதவில்லை?' என்று கேட்குமுன் பிள்ளையின் வீட்டு விளக்கு நினைவுக்கு வரும். எனினும் பாடசாலை கல்வி அமைச்சின்கீழ் வந்தபோது வீடு அதனோடு வரவில்லை. அது தோட்ட நிருவாகத்திடமே தங்கிற்று. 1992இல் அந்நிருவாகம் பிராந்தியக் கம்பெனிகளின் கைக்கு மாறியது. காலையிலே பிள்ளை ஓர் அதிகாரத்தின் எல்லைக்குட் சென்று மாலையில் வேறோர் அதிகாரத்தின் எல்லைக்குத் திரும்பியது. பாடசாலைக்கு மேசை கொடுத்தவர்களுக்கு லயத்துக்கு ஒரு மேசை கொடுக்கும் உரிமையோ கடமையோ இருக்கவில்லை. புதிய தனிவீட்டுத் திட்டங்கள் பிற்காலத்தில் வந்தன. ஆனால் அவற்றைப் பெற்றவர்களினும் காத்திருந்தவர்களே மிகுதி.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிற் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அன்று பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய பிள்ளைகளுக்குத் திரும்பிச் செல்ல வீடு இருக்கவில்லை.

2020 மார்ச்சில் தொற்றுநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இலங்கை முழுவதும் பாடம் என்பதே வீட்டுப்பாடமாயிற்று. கைத்தொலைபேசியும் அலைவரிசையும் உள்ள வீட்டுக்கே பாடம் வந்தது. மலைமடிப்புகளுக்குள் ஒதுங்கிய ஊரும் லயமும் இருளிற் கிடந்தன. 2021இல் லுணுகலையிலே மலையுச்சிக் காட்டுக்குள் ஏறத்தாழ முப்பதடி உயரத்தில் ஒரு மரவீடு இருந்தது. அங்கே இணையத் தொடர்பு கிடைத்தது. பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மலையேறினர். பிள்ளைகள் முறைவைத்து, ஒருவர்பின் ஒருவராக, எழுதி முடித்த வீட்டுப்பாடத்தை ஆசிரியருக்கு அனுப்பி, அடுத்த பாடத்தைப் பெற்றுக்கொண்டு இறங்கினர்.