நடைத்தாள்
நடைத்தாள் என்பது, எக்ஸ்எம்எல் குறியீட்டில் அமைந்த ஆவணத்தை எந்த வரிசையில், எந்த வடிவில் வெளியிட வேண்டும் என்னும் விதிகளை மட்டும் தனியே தொகுத்து வைக்கும் கோப்பைக் குறிக்கும். 'நட' என்னும் வினையடியாகப் பிறந்த 'நடை', செல்லும் விதத்தைக் குறித்துப் பின்னர் எழுதும் விதத்திற்கும் ஆகிவந்தது. இதற்கு நேரான ஆங்கில 'ஸ்டைல்' என்பதோ எழுத்தாணியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாதலின், எழுத்தாணியால் எழுதப்பெற்று, சிதம்பரத்தில் கிடைத்தனவாக மரபு கூறும் தேவாரப் பதிக ஏடுகளை இவ்விடத்து நினைப்பது பொருந்தும். அப்பதிகங்கள், பண்வாரியாகப் பண்முறை, தலவாரியாகத் தலமுறை என இருவகையாக அடைவு செய்யப்பெறுகின்றன. தலமுறையில் 'கோயில்' எனப்படும் சிதம்பரம் முதலில் நிற்க, இன்றைய கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர் நடுநாட்டுத் தலங்களுள் அமையும். ஒவ்வொரு பதிகத்திற்கும் பண்ணும் (தாண்டகம் முதலியவற்றுக்கு யாப்பும்) தலமும் குறிக்கப்பெற்ற ஒரே எக்ஸ்எம்எல் கோப்பு இருப்பின், நிரல் அதனை நினைவகத்தில் கணுக்கள் கிளைத்த மரமாக ஏற்றி, இரு நடைத்தாள்களைத் தனித்தனியே செலுத்தி, இடையில் வட்டில் எதையும் எழுதாமலே இரண்டு அடைவுகளையும் தந்துவிடும். மூலமரம் மாறாது நிற்க, விளைவு புதிய மரமாகவே பிறப்பதால், இச்செயலுக்கு வழங்கும் 'உருமாற்றம்' என்னும் பெயர் சற்று மிகையே. நடைத்தாள் விதிகளை எழுதுவதற்குரிய எக்ஸ்எஸ்எல்டி மொழியின் முதற்பதிப்பு 1999 நவம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது.