அறுவை அரங்கிலிருந்து வார்டு வரை: நோயாளர் பாதுகாப்பில் செவிலியர் பணியின் வளர்ச்சி

அறுவைச் சிகிச்சைக்கு முன்னும், சிகிச்சையின்போதும், அதற்குப் பின்னும் நோயாளிக்கு நேரக்கூடிய தீங்கைத் தடுக்கும் செவிலியம் இன்று தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. இம்மூன்று கட்டங்களும் ஒரே காலத்தில் உருவானவை அல்ல. ஓர் ஆபத்து அடங்கியதும் அடுத்தது வேறோர் இடத்தில் புலப்பட்டது. செவிலியரின் பொறுப்பும் அங்கே நகர்ந்தது.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து நோயாளியை மயங்கச் செய்து காட்டினார். வலி நீங்கியதால் அறுவைகள் பெருகின. அவற்றோடு சீழ்பிடித்து இறந்தோரும் பெருகினர். கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் 1867இல் வெளியிட்டபின், அறுவை அரங்கில் புதிய வேலைகள் தோன்றின. கருவிகளைக் கிருமிநாசினியில் ஊறவைப்பதும், துணிகளைத் தூய்மை கெடாமல் வைத்திருப்பதும், யார் எதைத் தொட்டார்கள் என்று கண்காணிப்பதும் நாளடைவில் பயிற்சி பெற்ற செவிலியரின் பொறுப்பாயின. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிய பள்ளியின் வழியில் அத்தகைய செவிலியர் உருவாகிவந்த காலம் அது.

ரப்பர் கையுறை வந்த கதை சற்று விசித்திரமானது. பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை அரங்கச் செவிலியராக இருந்த கரோலின் ஹாம்ப்டனின் கைகள் மெர்க்குரிக் குளோரைடு கரைசலால் புண்ணாயின. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்கென மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். 1890ஐ ஒட்டிய நிகழ்ச்சி இது. செவிலியரின் தோலைக் காக்க வந்த பொருள் நோயாளியையும் காக்கிறது என்பது பின்னரே தெரிந்தது. அறுவை செய்வோர் எல்லாரும் கையுறை அணிந்தபோது குடலிறக்க அறுவைகளில் தொற்று வெகுவாகக் குறைந்ததை ஜோசப் பிளட்குட் 1899இல் பதிவு செய்தார்.

மயக்க மருந்து கொடுப்பது நெடுங்காலம் அனுபவமற்ற இளம் மருத்துவர்களிடமோ மாணவர்களிடமோ விடப்பட்டிருந்தது. மாணவராக ஈதர் கொடுத்தபோது ஒரு நோயாளி இறந்ததைக் கண்ட ஹார்வி குஷிங், சக மாணவர் எர்னஸ்ட் காட்மனுடன் சேர்ந்து 1894இல் நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் தாளில் குறித்துவைக்கத் தொடங்கினார். மினசோட்டாவில் மேயோ சகோதரர்களிடம் பணியாற்றிய செவிலியர் ஆலிஸ் மகாவ், தாம் மயக்கம் கொடுத்த 14,000க்கும் மேற்பட்டவர்களில் அதன் காரணமாக ஒருவரும் இறக்கவில்லை என்று 1906இல் எழுதினார். நோயாளியோடு பேசிக்கொண்டே மருந்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு, முகத்திலிருந்து கண்ணெடுக்காமல் இருந்ததே அவர் முறை. கருவிகள் இல்லாத காலத்தில் கவனம்தான் கருவி.

அறுவை முடிந்தபின் வரும் மணிநேரங்களின் ஆபத்து இன்னும் தாமதமாகவே உணரப்பட்டது. அரங்கை ஒட்டிய சிறு அறையில் நோயாளியைத் தெளியும்வரை வைத்திருக்கும் வழக்கத்தை நைட்டிங்கேல் 1863இலேயே குறிப்பிட்டிருந்தும் அது பரவவில்லை. அரை மயக்கத்தில் வார்டுக்குப் போன நோயாளியின் நாக்கு தொண்டையை அடைத்துக்கொள்ளலாம். வாந்தி மூச்சுக்குழலில் இறங்கலாம். உள்ளே இரத்தம் கசியலாம். பல நோயாளிகளைப் பார்க்கும் வார்டுச் செவிலியருக்கு இவை உடனே கண்ணில் படா. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செவிலியர் பற்றாக்குறை நிலவியதால், மயக்கம் தெளியும் நோயாளிகளை ஓரிடத்தில், அதாவது தெளிவறையில், சேர்த்துக் கவனிப்பது வசதியாகத் தோன்றியது. பிலடெல்பியாவில் 11 ஆண்டுகால மரணங்களை ஆராய்ந்த குழு, அறுவைக்குப் பிந்தைய முதல் 24 மணி நேரத்து இறப்புகளில் ஏறக்குறைய பாதி தடுத்திருக்கக்கூடியவை என்று 1947இல் அறிவித்தது. அதன்பின் தெளிவறை இல்லாத பெரிய மருத்துவமனை குறைபாடுடையதாகவே கருதப்பட்டது.

இதே காலத்தில், 1949இல், அமெரிக்க அறுவை அரங்கச் செவிலியர் சங்கம் தோன்றியது. வயிற்றுக்குள் பஞ்சுத்துணியை விட்டுத் தைத்துவிடும் பிழை அவ்வளவு அரிதானதல்ல. துணி, ஊசி, கருவிகளை எண்ணும் வழக்கத்துக்குச் சங்கம் 1976இல் எழுத்து வடிவ வழிகாட்டல் தந்தது. எண்ணுவது எளிது, கணக்கில் ஒன்று குறைகிறது என்று தைக்கத் தொடங்கிய மூத்த மருத்துவரிடம் சொல்வதுதான் கடினம். பாதுகாப்பின் உண்மையான சோதனை இங்கேதான்.

அறுவைக்கு முந்தைய கட்டம் ஆய்வில் கடைசியாகவே இடம்பிடித்தது. வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 97 பேரில் ஒரு பகுதியினருக்கு வலி எங்கே, எவ்வளவு இருக்கும், எப்படித் தளர்வது, எப்படித் திரும்பிப் படுப்பது என்று மயக்கவியலர்கள் விளக்கினர். லாரன்ஸ் எக்பர்ட் குழு 1964இல் வெளியிட்ட இந்த ஆய்வில், விளக்கம் பெற்றவர்களின் வலிமருந்துத் தேவை ஏறக்குறைய பாதியாகியது, சராசரியாக 2.7 நாள் முன்னதாக அவர்கள் வீடு திரும்பினர். அறுவைக்கு முந்தைய கற்பித்தலைச் செவிலியர் தம் பணியாக்கிக்கொள்ள இது வலுவான சான்றாயிற்று.

2008 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் மூன்று கட்டங்களையும் இணைத்தது. மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி அரங்கைவிட்டுப் போகுமுன் குழு நின்று, நோயாளி யார், எந்த இடம், ஒவ்வாமை உண்டா, கணக்கு சரியா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். புதுதில்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான கட்டுரையோ குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. பெட்டிகளில் டிக் அடிப்பதோடு நின்றால் பட்டியல் வெறும் தாள்தான்.

பட்டியலைப் படிக்கவும், தெளிவறையில் நாடியைப் பார்க்கவும், வார்டில் இரத்தக்கசிவை முதலில் கவனிக்கவும் ஆள் வேண்டும். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை நோயாளிகளை ஆராய்ந்த லிண்டா எய்கன் குழு, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதை 2002இல் காட்டியது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்விலும் அதே அளவு உயர்வே கிடைத்தது.