அறியாதவரின் வெள்ளிக்காசும் அறிந்தவரின் கடமையும்



நம் வீட்டு மூதாட்டிகளின் பெட்டகத்தில், அத்தர் சீசாவுக்கும் பழைய பத்திரங்களுக்கும் நடுவே, துணியில் முடிந்த சில வெள்ளிக்காசுகள் கிடப்பதுண்டு. விக்டோரியா மகாராணியின் தலையோ ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையோ பொறித்த பழைய ரூபாய்கள் அவை. 1939ஆம் ஆண்டு முத்திரை வரையிலான ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் கொண்டது. அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு தூய வெள்ளி. 1940இல் வெள்ளி சரிபாதியாகக் குறைக்கப்பட்டது. 1947இல் அது முழுவதும் நிக்கல் காசாகிவிட்டது. ‘ஒரு ரூபாய்’ என்று அதன் மீது எழுதியிருப்பதைத் தவிர இந்த விவரம் எதுவும் பெட்டகத்துக்கு உரியவருக்குத் தெரியாது.

1911ஆம் ஆண்டு ரூபாயின் கதை இன்னும் வியப்பானது. அதில் மன்னரின் மேலங்கியில் பொறித்திருந்த யானையின் துதிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தோன்றிவிட்டது. முஸ்லிம்களிடையே மனக்கசப்பு எழுந்தது. அச்சடித்த 94 லட்சம் காசுகளில் ஏறத்தாழ 7 லட்சம் மட்டுமே வெளிவந்திருந்தன, எஞ்சியவை உருக்கப்பட்டன, 1912இல் யானை திருத்தப்பட்டது. நம் பாட்டன்மார் முகஞ்சுளித்து ஒதுக்கிய காசுக்கே இன்று சேகரிப்பாளர்களிடம் கூடுதல் மதிப்பு!

கணவரை இழந்த ஒரு மூதாட்டி அந்த முடிச்சை அவிழ்த்து, “தம்பி, இது என்ன பெறும்?” என்று கேட்கிறார். விவரம் அறிந்தவர் சில நூறு ரூபாயைக் கையில் கொடுத்து முடிச்சை வாங்கிக்கொள்கிறார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. எடைக்கல்லில் கள்ளம் இல்லை. இரு தரப்பிலும் சம்மதம் இருக்கிறது. இந்த இலாபம் தூய்மையானதா?

நபி யூசுஃப் (அலை) அவர்கள் அற்ப விலைக்கு, எண்ணக்கூடிய சில திர்ஹம்களுக்கு விற்கப்பட்டதை அல்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் கூறுகிறது. காசு பெருந்தொகையாக இருந்தால் நிறுத்துக் கொடுப்பதும், சொற்பமாக இருந்தால் எண்ணிக் கொடுப்பதும் அக்கால வழக்கம் என்று விரிவுரையாளர்கள் இதற்கு விளக்கம் தருவர். அங்கே ‘அற்பம்’ என்பதற்கு வரும் சொல் ‘பக்ஸ்’. நபி ஷுஐப் (அலை) அவர்கள் தம் வணிகச் சமூகத்தாரிடம், மக்களின் பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தபோதும் இதே சொல்லின் வேரே வருகிறது. அளவையைக் குறைப்பது வேறு, பொருளின் மதிப்பைக் குறைப்பது வேறு என்பதை இங்கே கவனியுங்கள். ஷுஐப் (அலை) அவர்கள் இரண்டையும் தனித்தனியே தடுத்தார்கள்.

இதைக் கேட்டு, இலாபமே கூடாதோ என்று எவரும் அஞ்ச வேண்டாம். உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆடு வாங்க ஒரு தீனார் கொடுத்தனுப்பினார்கள். அவரோ அதற்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். நபியவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. திறமையால் வரும் ஆதாயத்தை மார்க்கம் மறுக்கவில்லை.

மறுத்தது எதை? சரக்கோடு வரும் கிராமத்து வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கிவிட்டால், விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். வாங்கியவர் பொய் சொன்னாரா என்று அங்கே கேட்கப்படவில்லை. விற்றவருக்கு விலை தெரியாமல் இருந்ததே போதுமான காரணமாயிற்று.

ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவருடைய பணியாள் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்தார். குதிரையைக் கண்ட ஜரீர் (ரலி) அவர்கள் உரிமையாளரிடம், இது இன்னும் கூடுதல் பெறுமே, 400க்குத் தருகிறீரா என்று கேட்டார்கள். பிறகு ஒவ்வொரு நூறாக ஏற்றிக்கொண்டே போய் 800இல் நிறுத்தினார்கள். வாங்குபவரே விலையை ஏற்றிய இந்த விந்தைக்குக் காரணம் கேட்டபோது, எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் தாம் பைஅத் செய்திருப்பதைச் சொன்னார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

சட்ட நூல்களில் இச்சிக்கலுக்கு ‘கப்ன்’ என்று பெயர். இதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. விலை அறியாமல் எதிரில் இருப்பவரை நம்பி விற்பவர் பெரிதும் ஏமாந்தால், அவருக்கு முறிக்கும் உரிமை உண்டு என்பர் ஹன்பலீகள். கண்ணாடித் துண்டை மாணிக்கம் என்று தானே எண்ணி வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று ஷாஃபிஈ நூல்கள் கூறும். 1876இல் நிறைவுற்ற உஸ்மானியப் பேரரசின் ‘மஜல்லா’ ஹனஃபீ சட்டத்தை ஒட்டியது. சரக்கில் இருபதில் ஒரு பங்கும், கால்நடையில் பத்தில் ஒரு பங்கும், நிலத்திலும் வீட்டிலும் ஐந்தில் ஒரு பங்கும் விலை மாறினால், அதைப் பெரும் நட்டமாக அது கணக்கிட்டது. ஆயினும் ஏமாற்று இல்லாத இடத்தில் அதற்காக விற்பனையை முறிக்க இடமளிக்கவில்லை. அநாதைகளின் சொத்து, வக்ஃபு, பொது நிதி ஆகியவற்றை மட்டும் விலக்கி வைத்தது. அந்த முடிச்சில் தந்தையை இழந்த பேரப்பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறதா என்று கேட்காமல் வாங்குவோர் இதைக் கவனிக்க.

ஆக, நம்மூரில் பின்பற்றப்படும் இரு மத்ஹபுகளின்படியும் காஜியாரின் முன்னே அந்த வெள்ளிக்காசு விற்பனை பெரும்பாலும் நிற்கும். சிலர் இந்த இடத்தோடு கிதாபை மூடிவிடுகிறார்கள். ஹிஜ்ரீ 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்களே. நிலவும் விலையை மறைத்து, மற்றவரின் அறியாமையைப் பயன்படுத்திக்கொள்வதை அவர்கள் ‘இஹ்யா’வில் அநீதி என்ற தலைப்பின் கீழ்தான் பேசுகிறார்கள். அதைத் தவிர்ப்பதைக் கூடுதல் நன்மையான இஹ்ஸானில் சேர்க்கவில்லை.

பல ஆண்டுகள் உழைத்துக் கற்ற நாணய அறிவுக்குக் கூலி இல்லையா என்று சேகரிப்பாளர் கேட்கலாம், கேள்வி நியாயமானதே. கடைக்காரர் தாமே விலை எழுதிக் குவித்து வைத்த காசுகளில் ஒன்றை அவர் தேடி எடுத்தால், அது சந்தையின் வழமை. ஆனால் ‘என்ன பெறும்’ என்று ஒருவர் கேட்ட கணமே அவர் ஆலோசகராகிவிடுகிறார். ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதத்துக்குரியவர் என்பது நபிமொழி. வெள்ளியின் எடை இவ்வளவு, இந்த ஆண்டு முத்திரைக்குச் சந்தையில் இவ்வளவு, விற்றுத் தரும் என் உழைப்புக்கு இவ்வளவு என்று சொல்லி எடுத்துக்கொண்டால் எவரும் குறை கூற மாட்டார். (மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் காசு வேறு. அதற்கு நாட்டில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும், மார்க்கத்தில் ஐந்தில் ஒரு பங்கான ரிகாஸும் உண்டு.)

முன்பே வாங்கிவிட்டவருக்கு, இஹ்யாவில் வரும் பஸ்ராவாசியான தாபிஈ ஒருவரின் செய்தி உண்டு. ஸூஸ் நகரிலிருந்த அவருடைய பணியாள், இவ்வாண்டு கரும்பு நோயில் கெட்டுவிட்டது, சர்க்கரையை வாங்கி வையுங்கள் என்று எழுதினார். அவரும் ஏராளமாக வாங்கி, 30,000 ஆதாயம் பெற்றார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் விற்றவரிடம் சென்று, உமக்குத் தெரியாததை நான் மறைத்துவிட்டேன் என்று சொல்லித் தொகையை நீட்டினார். இப்போது சொல்லிவிட்டீரே, மனமுவந்து உமக்கே விட்டுத் தந்தேன் என்றார் விற்றவர். வீடு திரும்பியும் அவருக்கு நிம்மதியில்லை. அந்த மனிதர் வெட்கப்பட்டு அப்படிச் சொல்லியிருக்கக்கூடுமே என்று இரவெல்லாம் எண்ணினார். மறுநாள் அதிகாலையில் மீண்டும் போய், பணத்தை வாங்கிக்கொண்டால்தான் என் உள்ளம் அமைதியாகும் என்றார். விற்றவர் 30,000ஐயும் பெற்றுக்கொண்டார்.