இண்டிபேரும் குலசாமியும்: பர்கூர் வட்டாரத்தில் பூர்வீகம் தேடுதல்

பர்கூர் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் பூர்வீகப் பெயர் பெரும்பாலும் இனிஷியலுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி போகும் நெடுஞ்சாலையில், ஜவுளிக் கடைகளுக்குப் பேர்போன இந்த ஊரைச் சுற்றித் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்குமே வீட்டு மொழிகள். சற்று வடக்கே ஆந்திரத்தின் குப்பம். மேற்கே ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். தமிழ் பேசும் குடும்பத்தில் இனிஷியல் தகப்பன் பெயரைக் குறிக்கும். தெலுங்கு பேசும் வீட்டில் அதே இடத்தில் இண்டிபேரு, அதாவது வீட்டுப் பெயர் நிற்கும். கன்னடம் பேசுவோரிடம் அது மனெதனப் பெயர். மூன்றும் ஒரே ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடுவதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எது எதுவென்று தெரிவதில்லை. (மாட்டினத்துக்குப் பெயர் தந்த பர்கூர் ஈரோடு மாவட்டத்து அந்தியூர் மலையில் உள்ளது. பழைய தாள்களில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால், எந்த வட்டம் என்று உறுதிசெய்த பிறகே மேலே போக வேண்டும்.)

வீட்டுப் பெயர் எவ்வளவு தூரம் வழிகாட்டும் என்பதற்கு இந்தப் பக்கத்திலும் அண்டையிலும் பிறந்த பெரியவர்கள் சான்று. திருத்தணியில் 1888இல் பிறந்த ராதாகிருஷ்ணனின் ‘சர்வபள்ளி’, நெல்லூர் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயர். சிக்கபள்ளாபூர் அருகே முத்தேனஹள்ளியில் பிறந்த பொறியாளர் விசுவேசுவரய்யாவின் ‘மோட்சகுண்டம்’ ஆந்திரத்து ஊர். முன்னோர் எப்போதோ விட்டுவந்த ஊரை அந்தக் குடும்பங்கள் பெயரில் சுமந்து வந்திருக்கின்றன. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியின் முதலெழுத்து வேறு வகை. அது ‘சக்கரவர்த்தி’ என்னும் குடும்பப் பெயர்; அதைக் கொண்டு ஊரைப் பிடிக்க முடியாது. ஆகவே இனிஷியலை ஊர், மரபுப் பெயர், தகப்பன் பெயர் என்று பிரித்தறிவதே தேடலின் முதல் வேலை.

பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்கள் இந்த வேலைக்கு உதவா. ‘கவுண்டர்’ என்ற பட்டத்தை இவ்வட்டாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சமூகத்தார் வைத்திருக்கிறார்கள். ‘நாயுடு’வும் அப்படியே. பட்டம் ஒன்றாக இருப்பதாலேயே உறவு என்று முடிவு கட்டியவர்கள் வழிதவறியிருக்கிறார்கள். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானித்தது. அதன் பின் தமிழ்நாட்டில் பட்டங்கள் படிப்படியாக உதிர்ந்தன. அது நல்ல காரியம்; பூர்வீகம் தேடுபவருக்கு அதனால் பெரிய இழப்பும் இல்லை. துருக்கியில் 1934இல் சட்டம் போட்டு எல்லோரையும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அப்படியொரு கட்டாயம் இருந்ததில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பம் குடும்பப் பெயர் கேட்கும்போது, தகப்பன் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். பெங்களூரில் வளரும் பிள்ளைகளுக்கு அதுவே குடும்பப் பெயராக நிலைத்துவிடுகிறது. உண்மையான வீட்டுப் பெயர் வீட்டிலேயே மறக்கிறது.

இத்தனை மொழிக் குடும்பங்கள் ஒரே வட்டாரத்தில் சேர்ந்ததற்கு அரசியல் காரணம் உண்டு. விஜயநகர ஆட்சியின்போது தெலுங்கும் கன்னடமும் பேசிய படைவீரரும் உழவரும் நெசவாளரும் தெற்கே இறங்கினர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெனுகொண்டாக் கோட்டையைக் காத்ததற்காக ஜகதேவராயருக்குப் பாரமகால் பகுதி கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு கோட்டைகளால் அமைந்ததாகச் சொல்லப்படும் பாரமகாலில், பர்கூரை அடுத்த ஜெகதேவியும் ஒன்று. பிறகு பீஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், மைசூர் உடையார்கள், கடப்பை நவாபு, ஐதர் அலி என்று கை மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் சில குடும்பங்கள் வந்தன. சில குடும்பங்கள் ஓடின. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. ஓசூர்ப் பக்கத்து மேட்டுநிலம் திப்பு வீழ்ந்த 1799க்குப் பிறகே சேர்ந்தது. ஆகவே கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கத்துக் கம்பெனி ஆவணங்கள் ஓசூரைவிடச் சில ஆண்டுகள் முன்பே தொடங்குகின்றன.

எழுத்துக்கு முந்தைய சான்று கல். கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் மிகுந்த நிலம். ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் மாண்டவனுக்கு நட்ட கல்லில், எழுத்து இருந்தால், ஆட்சியாண்டும் ஊரும் வீரன் பெயரும் சில வேளை அவன் யாருடைய மகன், யாருடைய சேவகன் என்பதும் இருக்கும். அந்தக் கற்களில் பல இன்று வேடியப்பன் என்ற பெயரில் வழிபாட்டில் உள்ளன. அதனால் ஒரு குடும்பத்தின் குலசாமி வேடியப்பன் என்றால், அந்தக் கல் நிற்கும் ஊரைத் தேடுவது பொருளற்ற வேலையல்ல. ஆனால் கல்லில் உள்ளவனே தம் நேர் முன்னோன் என்று உரிமை கொண்டாட அது போதாது. வழிபாடு கைமாறும், ஊர் மாறியவர்கள் அங்கிருந்த சாமியைத் தம் சாமியாக்கிக்கொள்வதும் உண்டு.

இந்த எச்சரிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டாலும், குலசாமி வழியே தேடுவதுதான் இங்கே மிக உறுதியான முறை. மொழி மாறலாம், பட்டம் உதிரலாம்; பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்தும் கோயில் எளிதில் மாறுவதில்லை. தெலுங்கில் இலவேல்பு, கன்னடத்தில் மனெதேவரு, தமிழில் குலசாமி. ஒரே சாமியைக் கும்பிடுவோர் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுத்து வாங்குவதில்லை என்ற விதி பல சமூகங்களில் உண்டு. ஒரே இண்டிபேரு உடையவர்களுக்கும் இதே தடை. கொரியாவில் ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீக ஊரும் உடையவர்கள் மணக்கக் கூடாதென்ற சட்டம் இருந்தது. அதை 1997இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாதென்றது. இங்கே அது சட்டமாக இல்லை. இருந்தும் பெண் பார்க்கப் போகும் வீட்டில் முதலில் எழும் கேள்வி ‘உங்க சாமி எது, எந்த வகையறா?’ என்பதாகவே இருந்துவருகிறது. தூரத்து உறவைத் தேடும் பழக்கம் ஆர்வத்தால் பிறந்ததன்று. தவறான இடத்தில் சம்பந்தம் செய்துவிடக் கூடாதே என்ற அச்சமே அதை வளர்த்தது.

குலசாமித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும்போது ஒரு நோட்டு எழுதுவார்கள். மணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. பெயர், தகப்பன் பெயர், இருக்கும் ஊர், கொடுத்த தொகை எல்லாம் அதில் ஏறும். முப்பது நாற்பது ஆண்டு நோட்டுகளை வரிசையாக வைத்தால், எந்தக் கிளை எப்போது எந்த ஊருக்குப் பிரிந்தது என்பது தெளிவாகத் தெரியும். இப்பகுதிக் குரும்பர்கள் வீரபத்திரர் முதலான தம் குலதெய்வங்களுக்கு எடுக்கும் விழாக்களில் பக்தர்களின் தலையில் தேங்காய் உடைப்பார்கள். செய்தித்தாள்கள் அதைத்தான் படம்பிடிக்கின்றன. அதைவிடப் பெரிய செய்தி, அந்த விழா நடக்கும் ஆண்டில் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் இருக்கும் பங்காளிகள் ஒரே இடத்தில் கூடிப் பெயர் கொடுப்பதே.

வம்சவழியைக் காத்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தனர். கர்நாடகத்தில் அவர்கள் ஹெளவர்கள். வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, தமக்குரிய குடும்பங்களின் வீட்டு வாசலில் நின்று, மூலபுருஷன் தொடங்கி இன்றைய தலைமுறை வரை படித்துக் காட்டுவார்கள். புதிதாகப் பிறந்த பிள்ளைகளின் பெயரை ஏட்டில் சேர்ப்பார்கள். தானியமும் பணமும் பெற்றுச் செல்வார்கள். தெலுங்கு நாட்டில் காப்பு, கொல்லா, கம்மா குடும்பங்களுக்கு இதே பணியைச் செய்தவர்கள் பிச்சகுண்ட்லவார். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூல் இரு பிரிவாரையும் இணைத்தே பேசுகிறது. இரு மரபிலும் தோற்றக் கதை ஏறக்குறைய ஒன்று: கால் ஊனமாகப் பிறந்த சகோதரனை மற்றவர்கள் காப்பாற்ற வேண்டும், அதற்கு ஈடாக அவன் வழியினர் அவர்களின் கோத்திரத்தையும் வம்சத்தையும் சொல்ல வேண்டும். பர்கூர்ப் பக்கம் வந்து குடியேறிய கிளையை இவர்கள் தேடி வராமல் போயிருக்கலாம். ஆனால் எல்லைக்கு வடக்கே தாய்வீடு எதுவென்று தெரிந்துவிட்டால், அந்த வீட்டுக்கு வருபவரின் ஏட்டில் ‘தெற்கே போனவன்’ பற்றிய வரி கிடைக்க வாய்ப்புண்டு. தானியக் கூலி நின்று, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய், இந்தத் தொழில் தேய்ந்துவருகிறது. எந்த அரசு அலுவலகத்திலும் இல்லாத செய்தி அந்த ஏடுகளில் உள்ளது என்பதால் இதைப் பேரிழப்பென்றே சொல்ல வேண்டும்.

அரசு எழுத்துகளில் முதன்மையானது நிலக் கணக்கு. பாரமகாலை நிர்வகிக்க 1792இல் வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் ஒவ்வொரு உழவனிடமும் நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கேதான் முதலில் நடத்திப் பார்த்தார்கள். இடைத்தரகனின்றித் தனி மனிதன் பெயர் நிலத்தோடு சேர்த்து எழுதப்பட்டது. அதனால்தான் தகப்பன், பாட்டன் பெயர்களைப் பட்டா, சிட்டா, அடங்கல், பழைய பத்திரங்கள் வழியாகப் பின்னோக்கித் தொடர முடிகிறது. இவற்றுக்கு முந்தைய ஆவணங்கள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பாரமகால் ஆவணங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பகுதி பகுதியாக அச்சாயின. குடிமக்களைப் பற்றியே ஒரு பகுதி உண்டு. ஊர்க் கணக்கை வைத்திருந்த கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர்கள் புதிதாகப் பதிவானபோது பிழைகளும் ஏறின. எனவே இன்றைய கணினிச் சிட்டாவோடு நின்றுவிடாமல் அதற்கு முந்தைய பதிவைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பெயர் எழுதும் முறையிலும் சிக்கல் உண்டு. தமிழ்க் கணக்கில் முனியப்பன், கோலார்ப் பதிவில் முனியப்பா, குப்பத்தில் முனெப்பா. ஆள் ஒருவரே. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் முனியப்பன் மகன் மாரியப்பன், மாரியப்பன் மகன் முனியப்பன் என்று மாறி மாறி வரும். ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்தால் இரண்டு தலைமுறை ஒன்றாகிவிடும்.

நிலக் கணக்கின் பெரிய குறை, நிலமில்லாதவர் அதில் இல்லை என்பது. பண்ணையாட்களாக இருந்த தலித் குடும்பங்களின் பாட்டன் பெயர் எந்தப் பட்டாவிலும் வராது. அவர்களுக்கு எழுத்துச் சான்று பெரும்பாலும் ஊரைவிட்டுப் போன இடத்தில்தான் கிடைக்கிறது. 1876–78 பஞ்சத்துக்குப் பின் எடுத்த கணக்கில், சேலம் மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. செத்தவர் போக, பிழைத்தவர்களில் பலர் கடல் கடந்தனர். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன 1,52,000க்கு மேற்பட்ட இந்தியர்களில் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்களே பெரும்பகுதி. கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாம் உண்டு. அங்கே நாயுடு, ரெட்டி, கோவிந்தர், மூட்லி முதலியவை நிலையான குடும்பப் பெயர்களாயின. சிலருக்குக் கப்பலேறிய பாட்டனின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராயிற்று. அப்படிப்பட்டவர்கள் ஊர் தேடி வரும்போது குடும்பப் பெயரை நம்பாமல், பட்டியலின் வட்டத்தையும் கிராமத்தையும் கொண்டு தேடுவதே பயன் தரும்.

அருகிலேயே போனவர்கள் கோலார் தங்க வயலுக்குப் போனார்கள். 1880களில் சுரங்க வேலை பெருகியபோது வட ஆர்க்காடு, சேலம் மாவட்டத்தாரும் சித்தூர்ப் பக்கத்தாரும் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தனர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பின் அந்தக் குடும்பங்கள் பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் சிதறின. ஊரிலேயே கிடைக்கும் எழுத்துச் சான்றும் சிலருக்கு உண்டு: கந்திகுப்பம், எலத்தகிரி போன்ற கத்தோலிக்க ஊர்களின் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் உதவும். பிள்ளை, தாய் தகப்பன், ஞானப் பெற்றோர் பெயர்கள் அவற்றில் உண்டு. சேலம் மறைமாவட்டம் 1930இலும் தருமபுரி மறைமாவட்டம் 1997இலும் உருவானவை. பழைய ஏடு எந்த ஆயரகத்தில் உள்ளது என்று விசாரிப்பது அவசியம்.

மாவட்ட எல்லையும் இதே தொல்லையைத் தரும். பர்கூர் 1965 வரை சேலம் மாவட்டம், பிறகு தருமபுரி, 2004 பிப்ரவரி முதல் கிருஷ்ணகிரி. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது நிர்வாக எல்லைகள் பிரிந்தன; பெண் கொடுத்து எடுத்த உறவு பிரியவில்லை.

பெண்வழியை அரசு ஏடுகள் ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிட்டன. மணமானதும் இண்டிபேரு மாறுவதால் பாட்டியின் பிறந்த வீடு ஒரே தலைமுறையில் மறைகிறது. அதைக் காத்துவைத்திருப்பது மொய் நோட்டு. தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது, அத்தை வீட்டார் யார் என்பதெல்லாம் தொகையோடு அதில் எழுதப்பட்டிருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகைகளும் கருமாதிப் பத்திரிகைகளும் அவ்வாறே. இவை எதற்கும் அரசிடம் நகல் கிடையாது. வீடு இடித்துக் கட்டும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விடுகின்றன. போடும் முன் ஒருமுறை படமெடுத்து, எந்தப் பெயர் யார் என்று வீட்டுப் பாட்டிகளைக் கேட்டுப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.