கண்ணாடித் தொட்டியும் காணா உயிர்களும்

புதிதாக வாங்கிய கண்ணாடித் தொட்டியிலே தெளிந்த நீரை நிரப்பி, வண்ண மீன்களை விட்டு, சில நாள்களுக்குள் அவை ஒன்றன்பின் ஒன்றாய் மிதக்கக் கண்டு மனம் நொந்தோர் பலர். நீரோ பளிங்குபோல் இருக்கும்; உணவுக்கும் குறைவில்லை. அங்ஙனமாயின் மீன் மாண்டது எதனால்? இவ்வினாவுக்குரிய விடை மீன்தொட்டிக்குள் முதலிற் கிட்டவில்லை. சாக்கடை நீரிலும் வயல் மண்ணிலும் அது கிட்டிற்று. அவ்வரலாற்றில் ஒரு தந்தையும் மகனும் இடம்பெறுகின்றனர்.

1846ஆம் ஆண்டு அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி, டோர்க்கே கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீரை நாள்தோறும் புதிதாகப் பெறுதல் தலைநகரில் இயலாத காரியம். ஆகவே, இருந்த நீரையே திறந்த சாளரத்தருகே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிமாறி ஊற்றச் செய்தார். நீரிற் காற்றுக் கலந்தது. பவள உயிர்களும் பிழைத்தன. ஊற்றியது அம்மையாரின் பணிப்பெண். வரலாறு அப்பெண்ணின் கைவலியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இதையடுத்து, 1849இல் றொபேட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் இலண்டனில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். பன்னிரண்டு கலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரமொன்றில் மணலும் பரலும் இட்டு நீர் வார்த்து, வலிசுனேரியா என்னும் நீர்ப்பூண்டை நட்டு, இரண்டு சிறிய பொன்மீன்களை விட்டார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைப் பூண்டு கொள்ளும்; பூண்டு விடும் ஒட்சிசனை மீன் கொள்ளும்; இரண்டும் ஒன்றையொன்று காக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் சில காலத்திற் பூண்டின் இலைகள் அழுகின, நீர் கலங்கியது, கண்ணாடியிற் பாசி படர்ந்தது. மீன்களுக்கு ஆபத்து நெருங்கியது. வாரிங்டன் நீரை வாரிக் கொட்டிவிடவில்லை. குளத்திலே அழுகலைத் துப்புரவு செய்வோர் யாவர் என்று சிந்தித்தார். குளத்து நத்தைகளைப் பிடித்து உள்ளே விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் தின்றன. அவற்றின் முட்டைகள் மீனுக்கு இரையாயின. நீர் மீண்டுந் தெளிந்தது. 1850இல் இம்முடிவுகளை இலண்டன் இரசாயனக் கழகத்தின் முன் அவர் வைத்தார்.

அதன்பின் மீன்தொட்டி மோகம் இங்கிலாந்தைப் பற்றிக்கொண்டது. 1853இல் றீஜன்ற் பூங்காவிலுள்ள விலங்குக்காட்சிச் சாலையிற் பொதுமக்களுக்கென மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் வெளிவந்து வரவேற்பறைதோறும் தொட்டிகளைக் கொணர்ந்தது. வாரிங்டனின் பொறுமையைப் பின்பற்றியோர் மிகச் சிலர். பூண்டை நட்டுவிட்டால் எல்லாம் சமநிலையுறும் என நம்பி ஒரே நாளில் மீன்களை நிறைத்தோர் பலர். ஒட்சிசன் ஒன்றையே எண்ணிய அக்காலக் கொள்கையில், மீனின் கழிவு யாதாகின்றது என்னும் வினாவுக்குப் போதிய இடமில்லை.

இனி, பாரிசுக்குச் செல்வோம். 1877இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர், நீண்ட குழாயொன்றில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, அதனூடே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். ஏறத்தாழ இருபது நாள்கள் எம்மாற்றமும் இல்லை. மேலே விட்ட அமோனியா அப்படியே கீழே வந்தது. பின்னர் அமோனியா மறைந்து, நைத்திரேற்று தோன்றலாயிற்று. குளோரபோம் ஆவியைச் செலுத்தினர், மாற்றம் நின்றது. சிறிது மண் கரைத்த நீரை வார்த்தனர். நாளடைவில் மாற்றம் மீண்டும் தொடங்கிற்று. இரசாயனத் தாக்கம் மட்டுமாயின் மயக்கமருந்துக்கு அது அடங்குமா? செயற்பட்டவை உயிர்களே என்பது ஐயமற விளங்கிற்று. அவ்விருபது நாள்கள்தாம் நம் கதையின் உயிர்நிலை.

வாரிங்டன் 1867இலேயே மறைந்துவிட்டார். ஆனால் அதே பெயர் தாங்கிய அவர் மகன், றொதாம்ஸ்ரெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இப்பொருளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது. இவ்விரு படிகளையும் நடத்துபவை வெவ்வேறு உயிர்கள் எனக் கண்டார். எனினும் அவற்றைத் தனித்துப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. வழக்கமான ஜெலற்றின் உணவில் அவை வளர மறுத்தன. 1890இல் சூரிச் நகரில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர், சேதன உணவு எதுவுமின்றி அவற்றை வளர்த்துக் காட்டினார். தந்தை தொட்டியைச் சமநிலைப்படுத்த முயன்றார். அச்சமநிலையைத் தாங்கும் கண்காணா வேலையாள்களை மகன் மண்ணிலே தேடினார்.

புதுத் தொட்டியின் துயர் இப்போது விளங்கும். மீனின் செவுள்களிலிருந்தும், கழிவிலிருந்தும், தின்னாது மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா சேருகின்றது. அது நிறமற்ற நஞ்சு. தெளிந்த நீரிலும் இருக்கும். முதல் வகைப் பற்றீரியா பெருகி அதனை மாற்றும்போது நைத்திரைற்று மிகும். அதுவும் நஞ்சே, குருதியின் ஒட்சிசன் தாங்கும் ஆற்றலைக் குலைப்பது. இரண்டாம் வகையும் பெருகிய பின்னரே, பெரிதுந் தீங்கற்ற நைத்திரேற்று எஞ்சும். பரலிலும் வடிகட்டியிலும் இவை குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்வது வழக்கம்.

ஆதலால் அறிந்தோர் மீனில்லாத் தொட்டியிற் சிறிது அமோனியாவை இட்டு இவ்வுயிர்களை முதலில் வளர்ப்பர். மீனை விட்டே தீரவேண்டுமாயின் இரண்டொரு வலிய மீன்களோடு நிறுத்தி, உணவைச் சுருக்கி, நீரில் ஒரு பகுதியை அடிக்கடி மாற்றுவர். நெடுநாள் நடந்துவரும் நோயற்ற தொட்டியிலிருந்து ஒரு பிடி பரலை எடுத்து இடுதல் காலத்தைக் குறைக்கும். பாரிசில் வார்த்த மண் நீரைப் போன்றதே இதுவும். குழாய்நீரின் குளோரீன் மீனுக்கும் பற்றீரியாவுக்கும் ஒருங்கே பகையாதலின், அதனை நீக்காமல் வார்த்தல் தகாது. பரலையும் வடிகட்டியையும் அந்நீரிற் கழுவிப் பளபளக்கச் செய்வோர், வேலையாள்களையே வெளியேற்றுகின்றனர்.

கதை அத்துடன் முடிந்ததாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2005இல் அமெரிக்காவின் சியாற்றில் மீன்காட்சிச் சாலையின் தொட்டியொன்றிலிருந்து, பற்றீரியா இனத்தைச் சேராத ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர் பிரித்தெடுக்கப்பட்டது. அமோனியாவை மாற்றும் வேலையை அதுவும் செய்கின்றது. 2015இல், இரு படிகளையும் தானொன்றே முடிக்கும் பற்றீரியாவும் அறியப்பட்டது. அதனைக் கண்ட ஆய்வுக்குழுக்களுள் ஒன்று, மீன்வளர்ப்பு நிலையமொன்றின் வடிகட்டியிலேயே கண்டது.