மாட்டுக் கொட்டகையில் ஒரு ஃபார்கோ

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் இப்போது மாடு இல்லை. ஒரு ஃபார்கோ பிக்கப் வண்டி இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே ஓட்டம் நின்றுபோன வண்டி. அதன் மேல் வரட்டி அடுக்கியிருந்ததைத்தான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். போன வருஷம் பழைய இரும்புக்காரர் வந்து எடைக்குக் கேட்டார். அப்பா பாதி சம்மதித்துவிட்டார். "ஒரு வாட்டி ஓட வெச்சுப் பாத்துட்டு அப்புறம் குடுக்கலாம்ப்பா" என்றேன். ஓட வைக்கப் போன இடத்தில் கொஞ்சம் வரலாறும் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது. தாத்தா மல்லாட்டை வியாபாரி (வேர்க்கடலையை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்). மூட்டை ஏற்றத்தான் அவர் இந்த வண்டியைப் பழசாக வாங்கினார். ஊரில் பிரசவ வலி வந்தாலும், கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கப் போனாலும் இதே வண்டிதானாம்.

ஃபார்கோ என்பது அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் வைத்த பெயர். இந்தியாவில் அதைச் செய்தது பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய நிறுவனம். குர்லா தொழிற்சாலையிலிருந்து 1947-ல் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. டாட்ஜ், டிசோட்டோ, ஃபார்கோ என்று லாரிகளுக்குப் பல பெயர். உள்ளே பெரும்பாலும் ஒரே சரக்குதான்.

அப்போது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும்கூட இந்தியாவில் இருந்தன. வெளியிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றன. 1953-ல் மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. பாகங்களை இங்கேயே செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் கிளம்ப வேண்டும். அந்த இரண்டு பெரிய கம்பெனிகளும் மூட்டை கட்டின. பிரீமியர், இந்துஸ்தான் மோட்டார்ஸ், சென்னையின் அசோக் லேலண்ட் (1948-ல் தொடங்கியபோது அசோக் மோட்டார்ஸ்) போன்றவை நின்றன. புது வண்டி சுலபத்தில் கிடைக்காத காலம் அது. அதனால் இருக்கிற வண்டியைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது.

அதற்கு எங்கள் வண்டியே சாட்சி. பானெட்டைத் திறந்து எஞ்சின் தகட்டைத் துடைத்தால் கிறைஸ்லர் என்று இல்லை. "பெர்கின்ஸ் பி4" என்று இருந்தது! நான்கு சிலிண்டர், சுமார் 3.1 லிட்டர் டீசல் எஞ்சின். பெர்கின்ஸ் இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1932-ல் பிறந்த கம்பெனி. சென்னையில் 1840-ல் குதிரை வண்டிக் காலத்தில் தொடங்கிய சிம்சன் நிறுவனம் 1950-களில் அந்த எஞ்சினைச் செம்பியத்தில் செய்ய ஆரம்பித்தது. பெட்ரோலைவிட டீசல் மலிவு. எனவே அமெரிக்க வண்டிகளின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு பெர்கின்ஸை உட்கார வைத்தார்கள். தாத்தா மாற்றினாரா, அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் மாற்றினாரா என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இந்தப் பழக்கம் அதற்கும் முந்தையது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனம் அந்தக் கருவிகளைச் செய்தும் கொடுத்தது. கரி கேஸ் பஸ்ஸில் ஏறி இறங்கிய கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருக்கலாம்.

சரி, எங்கள் வண்டிக்கு வருவோம். எழுபது வயது மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "செல்ஃப் மேல கை வைக்காத தம்பி. ரிங் புடிச்சிருக்கும். அடிச்சா உடைஞ்சிடும்." நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆயில் ஊற்றி ஒரு வாரம் விட்டார். பிறகு ஹேண்டில் போட்டுக் கையால் மெல்லச் சுற்றினார். நான்காம் நாள் அசைந்தது. டேங்கைக் கழுவி, பழைய டீசலைக் கொட்டி, ஃபில்டர் மாற்றி, பம்பில் ஏர் எடுத்தோம். பிரேக்கின் ரப்பர் எல்லாம் கல்லாகியிருந்ததால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வீல் சிலிண்டர் வரை புதிது. கடைசியில் பேட்டரி போட்டு செல்ஃப் அடித்ததும் கொட்டகை முழுக்கப் புகை. பாட்டி ஓடி வந்து, "சந்தைக்கு நேரமாச்சுன்னு அவர் இப்படித்தான் கிளப்புவாரு" என்றார்.

இனி சிக்கல். பழைய வண்டிகளைக் காப்பாற்ற 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டிய வண்டியை 20,000 ரூபாய் கட்டி "விண்டேஜ்" என்று பதிவு செய்யலாம். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். நல்ல விதிதான். ஆனால் இரு சக்கர வண்டிக்கும், ஆள் ஏறும் நான்கு சக்கர வண்டிக்கும்தான் அது பொருந்தும். அதுவும் சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும். எஞ்சின், சேஸிஸ், பாடியில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எங்கள் வண்டி இரண்டிலும் ஃபெயில்! மூட்டை சுமந்தது ஒரு குற்றம். உயிரோடு இருக்க எஞ்சின் மாற்றியது இன்னொரு குற்றம். சரக்கு வண்டியாகவே ரோட்டில் விடலாம் என்றால் தகுதிச் சான்று, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

ராஜாக்களும் ஜமீன்தார்களும் ஏறிய கார்கள் பளபளப்பாக நிற்கட்டும், எனக்குப் பொறாமை இல்லை. கோவையில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியம் ஜி.டி.நாயுடுவின் பெயரில் இருக்கிறது. அவரே 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் ஓட்டித்தான் தொழில் தொடங்கினார். உழைத்த வண்டிகளுக்கும் வரலாற்றில் ஒரு மூலை வேண்டாமா?

வகுப்பில் தேய்மானம் படித்திருக்கிறோம் இல்லையா? சொந்த வியாபாரத்துக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு வருமான வரிக் கணக்கில் இன்று ஆண்டுக்கு 15 சதவீதம். குறைந்து செல் மதிப்பு முறையில் 100 ரூபாய் வண்டி 20 ஆண்டில் 3 ரூபாய் 88 காசு. 50 ஆண்டில் சுமார் 3 காசு. இதைப் போட்டுக் காட்டியதும் அப்பா சிரித்தார். "இரும்புக்காரன் அதவிட ஜாஸ்தியா குடுக்கறானே" என்றார். ஆனால் கொடுக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கொல்லைக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டுகிறோம்.

உங்கள் ஊரிலும் புளிய மரத்தடியில் இப்படி ஒன்று துருப்பிடித்துக் கிடக்கலாம். எடைக்குப் போடும் முன் பானெட்டைத் திறந்து எஞ்சின் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். அப்படியே வீட்டுப் பெரியவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டும் வையுங்கள்.